அமெரிக்காவில் ‘பேரிடர்’ என்று அறிவித்தால் என்ன கிடைக்கும்? ஓர் எளிய விளக்கம்

2025 ஜூலை 4 அதிகாலை, டெக்சஸ் மாநிலத்தின் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய 26 அடி உயர்ந்தது. கெர் கவுன்டியிலும் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) சுற்றுப் பகுதிகளிலும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டே நாளில், ஜூலை 6 அன்று, அதிபர் டிரம்ப் ‘பெரும் பேரிடர்’ அறிவிப்பில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மே மாதம் மேரிலாந்து மாநிலத்தின் மேற்குக் கோடியில், அலெகெனி கவுன்டியில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. அந்த மாநிலமும் இதே அறிவிப்பைத்தான் கேட்டது. ஜூலையில் மறுத்தார்கள், மேல்முறையீடும் அக்டோபரில் தள்ளுபடியானது. மார்ச் மாதம் டொர்னேடோ என்னும் சுழற்காற்றில் அடிபட்ட ஆர்கன்சாவுக்கு ஏப்ரலில் இல்லை என்று பதில் வந்தது, மேல்முறையீட்டுக்குப் பிறகு மே மாதம் கிடைத்தது.

இவற்றை அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு கேள்விகள் எழும். இந்த அறிவிப்பால் அப்படி என்னதான் கிடைக்கிறது? அதை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பலரும் ‘எல்லாம் அரசியல்’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது. சட்டம் தெரியாமல் அரசியலை மட்டும் பேசினால், எங்கே விதி முடிந்து எங்கே விருப்பம் தொடங்குகிறது என்பது பிடிபடாது.

முதலில் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் வெள்ளமோ தீயோ வந்தால் முதல் பொறுப்பு உள்ளூர் நிர்வாகத்துக்கு; அடுத்து மாநிலத்துக்கு. மக்களை வெளியேறச் சொல்வது நகர மேயரோ கவுன்டி நிர்வாகமோ ஆளுநரோதான். அமெரிக்க ஆளுநர் நம்மூர் முதலமைச்சரைப் போல மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். அவர் தன் மாநில அளவில் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம், தேசியக் காவல்படையை இறக்கலாம். மத்திய அரசின் பணம் வேண்டுமென்றால் மட்டும் அதிபரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

அந்தக் கோரிக்கைக்கு அடிப்படை, 1988-ல் வந்த ஸ்டாஃபோர்டு சட்டம். வெர்மான்ட் மாநிலத்தின் செனட்டர் ராபர்ட் ஸ்டாஃபோர்டின் பெயர் அதற்கு. அதற்கு முன்பே 1950-ல் ஒரு சட்டம் இருந்தது. அதன் கீழ் முதல் பெரும் பேரிடர் அறிவிப்பு, ஜார்ஜியாவைத் தாக்கிய டொர்னேடோவுக்காக 1953 மே 2 அன்று வெளியானது. உதவியை நடத்திக் கொடுக்கும் நிறுவனம் ஃபெமா (மத்திய அவசரநிலை மேலாண்மை முகமை). 1979-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் உருவாக்கியது. 2003 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கீழே இருக்கிறது.

ஃபெமா என்றதும் படகோடு வந்து கூரையிலிருந்து ஆளைத் தூக்கும் படை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நாடு முழுக்க 28 தேடல்-மீட்புக் குழுக்கள் அதன் ஏற்பாட்டில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தீயணைப்புத் துறைக்காரர்கள்தான். ஃபெமாவின் முதன்மை வேலை ஒருங்கிணைப்பதும், காசோலை எழுதுவதும், எழுதிய காசோலைக்குக் கணக்குக் கேட்பதும்.

இரண்டு வகை அறிவிப்பு

செய்தியில் ‘அதிபர் அறிவித்தார்’ என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எந்த அறிவிப்பு என்பதை. ‘நெருக்கடி அறிவிப்பு’ ஒன்று, ‘பெரும் பேரிடர் அறிவிப்பு’ இன்னொன்று.

நெருக்கடி அறிவிப்பைப் புயல் கரை தொடும் முன்பே கொடுக்கலாம். மணல் மூட்டை, ஜெனரேட்டர், தங்குமிடம், குடிநீர் போன்ற உடனடி வேலைகளுக்கு அது. ஒரு நிகழ்வுக்கு 50 லட்சம் டாலர் வரம்பு உண்டு. தாண்டினால் அதிபர் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, தெரிவிக்க வேண்டும். வீட்டை இழந்த குடும்பத்துக்கு இதன் கீழ் வழக்கமாகப் பணம் வராது. புயலுக்கு முந்தின நாள் வரும் ‘அவசரநிலைக்கு ஒப்புதல்’ செய்தியைப் பார்த்துவிட்டு, உறவினருக்கு ‘ஃபெமாவில் விண்ணப்பம் போடு’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதனால்தான் வீணாகிறது.

பெரும் பேரிடர் அறிவிப்புக்கு ஆளுநர் சம்பவம் நடந்த 30 நாளுக்குள் கேட்க வேண்டும். கால நீட்டிப்பும் கேட்கலாம். 2013 முதல் பழங்குடி அரசுகளும் ஆளுநர் வழியாகப் போகாமல் நேரடியாகக் கேட்க முடியும். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதையும் தீர்மானிப்பவர் அதே அதிபர்தான்.

அறிவிப்பு வந்தாலும் எல்லாம் திறந்துவிடாது. உள்ளே மூன்று தனித்தனித் திட்டங்கள்: குடும்பங்களுக்கான தனிநபர் உதவி, அரசு அமைப்புகளுக்கான பொது உதவி, அடுத்த முறை அடிபடாமல் இருக்கச் செய்யும் சேதத் தடுப்பு நிதி. ஒவ்வொன்றும் எந்தெந்த கவுன்டிக்கு என்று அறிவிப்பிலேயே பட்டியல் போட்டிருக்கும். ஒரு கவுன்டிக்கு மூன்றும் கிடைக்கலாம், பக்கத்துக் கவுன்டிக்குச் சாலை போடும் பணம் மட்டும் கிடைக்கலாம். டெக்சஸ் வெள்ளத்தில் ஜூலை 6 அறிவிப்பு கெர் கவுன்டியோடு தொடங்கியது. ஆஸ்டின் நகரம் இருக்கும் டிராவிஸ், அதற்கு வடக்கே உள்ள வில்லியம்சன் போன்றவை சில நாள் கழித்துத்தான் சேர்க்கப்பட்டன. ஆகவே முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. பக்கத்து ஊர்க்காரருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதும் ஆபத்து.

சேதத் தடுப்பு நிதி என்பது மொத்த உதவித் தொகையில் 15 சதவீதம் வரை கூடுதலாக வரும் பணம். தாழ்வான வீடுகளை உயர்த்திக் கட்டுவது, வெள்ளம் வரும் மனைகளை விலைக்கு வாங்கிக் காலி செய்வது இதில்தான் நடக்கும். 2025 வசந்த காலத்திலிருந்து வெளியான அறிவிப்புகளில் இது பெரும்பாலும் இடம்பெறவில்லை. செய்தித்தாளில் ஒரு வரிகூடக் கிடைக்காத மாற்றம் அது. ஆனால் பத்து வருடம் கழித்து வரப்போகும் வெள்ளத்தின் கணக்கு அங்கேதான் எழுதப்படுகிறது.

தலைக்கு 1.89 டாலர்

மாநிலம் தன் சக்திக்கு மீறிய சேதம் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஃபெமா, மாநில, உள்ளூர் அதிகாரிகள் சேர்ந்து தெருத் தெருவாக முதற்கட்டச் சேதக் கணக்கெடுப்பு நடத்துவார்கள். வீடுகளை ‘பாதிப்பு’, ‘சிறு சேதம்’, ‘பெருஞ்சேதம்’, ‘முழு அழிவு’ என்று நான்காகப் பிரிப்பார்கள். வெள்ளம் என்றால் சுவரில் படிந்த நீர்க்கோட்டை அளப்பதுதான் வேலை. வசிக்கும் தளத்தில் நீர் 18 அங்குலமோ அதற்கு மேலோ நின்றிருந்தால், அல்லது சுவரில் உள்ள மின் பிளக் மட்டத்தைத் தாண்டியிருந்தால், அது பெருஞ்சேதம். அதற்குக் கீழே சிறு சேதம். வெள்ளம் வடிந்த மறுநாளே சுவரைக் கழுவிப் பெயின்ட் அடிப்பவர்கள் தங்கள் ஊரின் கணக்கையே குறைத்துவிடுகிறார்கள்.

பொது உதவிக்கு மட்டும் ஒரு எண் உண்டு. மாநில மக்கள்தொகையில் தலைக்கு இத்தனை டாலர் என்று வைத்து, சாலை, பாலம், அரசுக் கட்டடம், குப்பை அகற்றம் ஆகியவற்றின் செலவு அதைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். 2025 நிதியாண்டில் அது 1.89 டாலர், கவுன்டி அளவில் 4.72 டாலர். 2020 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 2 கோடியே 91 லட்சம் பேர் இருக்கும் டெக்சஸ் தாண்ட வேண்டிய வாசல் ஏறக்குறைய 5.5 கோடி டாலர். 6.43 லட்சம் பேர் இருக்கும் வெர்மான்டுக்கு 12 லட்சம் டாலர் சொச்சம். ஒரே அளவு சேதம் வெர்மான்டில் பேரிடர்; டெக்சஸில் மாநிலமே பார்த்துக்கொள்ள வேண்டிய செலவு.

இதில் இரண்டு கோணல்கள் இருக்கின்றன. ஒன்று, இந்த எண் 1986-ல் தலைக்கு 1 டாலர் என்று தொடங்கியது. நடுவில் பல ஆண்டுகள் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றாமலே விட்டார்கள். வருமான வளர்ச்சியும் கணக்கில் வரவில்லை. எண் மிகத் தாழ்வாக இருக்கிறது, மாநிலங்கள் சின்னச் சேதத்துக்கும் மத்திய அரசிடம் கை நீட்டுகின்றன என்று காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இது கட்சி சார்ந்த புகார் அல்ல, அதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது, இந்த எண் அளப்பது அரசுச் சொத்தின் சேதத்தை மட்டுமே. பாலம் உடையாமல் 300 வீடுகள் மட்டும் மூழ்கினால் இந்தக் கணக்கில் ஒன்றும் ஏறாது. தனிநபர் உதவிக்கு நிலையான எண்ணே கிடையாது. மாநிலத்தின் நிதி நிலை, காப்பீடு இல்லாத வீடுகளின் எண்ணிக்கை, பாதிக்கப்பட்டவர்களில் முதியோர், ஏழைகள் எத்தனை பேர் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஃபெமா பரிந்துரைக்கும்.

பரிந்துரைதான், தீர்ப்பு அல்ல. எண்ணைத் தாண்டினால் அதிபர் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தாண்டாவிட்டாலும் அவர் கொடுக்கலாம். மேரிலாந்துக்கு இந்த அளவுகோலில் வாசல் சுமார் 1.17 கோடி டாலர். மாநிலம் காட்டிய சேதம் அதைத் தாண்டியிருந்தது, கிடைக்கவில்லை. 2024 நவம்பர் புயலுக்காக வாஷிங்டன் மாநிலம் கேட்டதும் 2025 ஏப்ரலில் மறுக்கப்பட்டது. விரிவான காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. எல்லா அதிபர்களுக்கும் இதே சுதந்திரம் இருந்தது. முன்பெல்லாம் அளவுகோலைத் தாண்டினால் கிடைத்துவிடும் என்று நம்பி மாநிலங்கள் திட்டமிட்டன. 2025-ல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது என்பதுதான் புதிது. மறுக்கப்பட்டவற்றில் குடியரசுக் கட்சி ஆளும் ஆர்கன்சாவும் இருந்தது, ஆளுநர் சாரா ஹக்கபி சாண்டர்ஸ் டிரம்ப்பின் முன்னாள் செய்தித் தொடர்பாளர். ஆகவே ‘எதிர்க்கட்சி மாநிலத்துக்கு மட்டும் மறுப்பு’ என்று சுருக்கிவிட முடியாது. மேல்முறையீட்டில் யாருக்கு மாறியது, யாருக்கு மாறவில்லை என்பதைப் பார்க்கிறவர் அவரவர் முடிவுக்கு வரட்டும்.

ஊருக்கு வரும் பணம்: முதலில் செலவு, பிறகு வரவு

பொது உதவியில் வேலைகளை ஏழு பிரிவாக வைத்திருக்கிறார்கள். குப்பை அகற்றுவது, உடனடிப் பாதுகாப்பு வேலை இரண்டும் அவசர வேலை. சாலை-பாலம், நீர்க் கட்டுப்பாட்டு அமைப்புகள், அரசுக் கட்டடங்கள், மின்சாரம்-குடிநீர் போன்ற சேவைகள், பூங்கா உள்ளிட்டவை நிரந்தர வேலை. மத்திய அரசு தகுதியான செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் தரும். 40 லட்சம் டாலரில் ஒரு பாலம் கட்டினால் 30 லட்சம் அங்கிருந்து. மீதி 10 லட்சத்தை மாநிலமும் ஊரும் பங்கு போட்டுக்கொள்ளும். மிகப் பெரிய சேதம் என்றால் 90 சதவீதம் வரை, அவசர வேலைக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு 100 சதவீதம்கூட ஏற்றலாம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தபோது, பைடன் பதவியின் கடைசி நாட்களில் 180 நாட்களுக்கு 100 சதவீதம் என்றார்.

சதவீதத்தை விட ஊர்களைத் திணறடிப்பது பணம் வரும் முறை. இது திரும்பத் தரும் பணம். ஊர் முதலில் தன் கையிலிருந்து செலவழித்து, ரசீது, ஒப்பந்தம், ஆள் வேலை செய்த நேரக் கணக்கு எல்லாம் கொடுத்தால், மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்து வரும். ஆண்டு வரவு செலவே சில லட்சம் டாலர் இருக்கும் சிற்றூர், பல லட்சம் டாலர் குப்பை அகற்றும் பில்லுக்கு வங்கியில் கடன் வாங்க வேண்டியிருக்கும். அவசரத்தில் டெண்டர் விடாமல் தெரிந்த ஒப்பந்தக்காரருக்கு வேலையைக் கொடுத்துவிட்டால், பல வருடம் கழித்துத் தணிக்கையில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.

வீட்டுக்காரருக்கு இதில் தொடர்புள்ள ஒரே விஷயம் தெருக் குப்பை. வீட்டுக்குள்ளிருந்து வெளியே தள்ளியதைத் தெரு ஓரத்தில், பொது இடத்தில், வகை பிரித்து வைக்க வேண்டும்: மரக்கிளை தனியாக, சுவர்ப் பலகை, மரம், கம்பளம் போன்ற கட்டடக் கழிவு தனியாக, ஃபிரிட்ஜ்-வாஷிங் மெஷின் தனியாக, டிவி-கணினி தனியாக, பெயின்ட்-ரசாயனம் தனியாக. கலந்து கொட்டினால் லாரி எடுக்காமல் போய்விடும். சொந்த மனைக்கு உள்ளே கிடப்பதை எடுக்க வழக்கமாக வர மாட்டார்கள்.

குடும்பத்துக்கு வரும் பணம்

இங்கேதான் எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் இடைவெளி அதிகம். 2025 நிதியாண்டில் அறிவிக்கப்பட்ட பேரிடர்களுக்கு, வீட்டுக்கான உதவியின் உச்ச வரம்பு 43,600 டாலர். மருத்துவம், இறுதிச் சடங்கு, வீட்டுப் பொருள், வாகனம் போன்ற மற்றத் தேவைகளுக்கு இன்னொரு 43,600. இது உச்ச வரம்பு. பெரும்பாலானோருக்குக் கிடைப்பது சில ஆயிரம் டாலர். வீட்டைப் பழையபடி ஆக்குவது இதன் நோக்கமே அல்ல, குடியிருக்கத் தக்கதாக்குவது மட்டும்தான். கூரை, மின்சாரம், கழிவறை, சூடேற்றும் ஃபர்னஸ், கிணறு ஆகியவற்றுக்குக் கணக்குப் போடுவார்கள். கிரானைட் மேடைக்குப் போட மாட்டார்கள்.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலைப் பகுதியைச் சிதைத்தபோது, ‘750 டாலர்தான் தருகிறார்கள்’ என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. தேர்தல் மேடைகளிலும் ஒலித்தது. அந்த 750 டாலர், சாப்பாடு, தண்ணீர், குழந்தைப் பால்மாவு, மருந்து வாங்குவதற்கு ஆய்வுக்கு முன்பே தரும் முதல் தொகை. வீடு, வாடகை, பொருள் உதவி எல்லாம் அதற்கு மேல் தனி. அது கடன், திருப்பிக் கட்டாவிட்டால் நிலத்தைப் பறிப்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் தவறு, இது மானியம். 2024 அக்டோபர் முதல் அந்த முதல் தொகை 770 டாலர் ஆனது. வதந்தியால் நடந்த உண்மையான கெடுதல், தகுதியான பலர் விண்ணப்பிக்கத் தயங்கியதுதான்.

விண்ணப்பம் போட, அறிவிப்பு வந்த நாளிலிருந்து வழக்கமாக 60 நாள். இணையத்திலும் தொலைபேசியிலும் போடலாம். சமூகப் பாதுகாப்பு எண், சேதமான வீட்டு முகவரி, இப்போது இருக்கும் முகவரி, ஆண்டு வருமானம், காப்பீட்டு விவரம், வங்கிக் கணக்கு எண் கையில் வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு விண்ணப்பம். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போட்டால் இரண்டும் மோசடிச் சந்தேகத்தில் நிற்கும். காப்பீடு இருந்தால் முதலில் அங்கே கோரிக்கை வைத்துவிட வேண்டும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் கூடாது என்பது சட்டம். நன்கொடை திரட்டும் தளத்தில் ‘கூரை போட’ என்று சொல்லித் திரட்டிய பணம்கூட அந்தக் கணக்கில் வரலாம். பொதுவான உதவி என்று திரட்டினால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆய்வாளர் வரும்வரை ஈரச் சுவரை அப்படியே விட வேண்டும் என்று நினைப்பது பெரிய தவறு. 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். செய்ய வேண்டியது: ஒவ்வொரு அறையிலும் நீர்க்கோட்டுக்குப் பக்கத்தில் டேப்பை நிறுத்திப் படம் எடுப்பது, ஃபர்னஸ், தண்ணீர்ச் சூடேற்றி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் மாடல் எண் தெரியும்படி படம் எடுப்பது, கம்பளத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்வது. பிறகு நனைந்த பலகையைப் பெயர்த்து வெளியே போடலாம். ஆய்வாளர் பணம் கேட்க மாட்டார். கேட்டால் அவர் ஆய்வாளர் இல்லை.

முடிவுக் கடிதத்தில் ‘தகுதி இல்லை’ என்று வந்தவுடன் கிழித்துப் போடுபவர்கள் பலர். முழுதாக வாசிக்காமலே விடுகிற அந்தக் கடிதத்தில்தான் காரணம் இருக்கும். ‘காப்பீடு உள்ளது’ என்றால், காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தந்தது அல்லது மறுத்தது என்ற கடிதத்தை அனுப்பு என்று பொருள். ‘உரிமை நிரூபிக்கப்படவில்லை’ என்றால் பத்திரமோ வரி ரசீதோ வேண்டும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பரம்பரை வீடுகளுக்கு, 2021 முதல் சில நிபந்தனைகளோடு சுயசான்றையும் ஏற்கிறார்கள். கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வந்த பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்து, ரசீதுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

மானியம் போதாதவர்களுக்குச் சிறு தொழில் நிர்வாக அமைப்பின் கடன் உண்டு. பெயர்தான் தொழில், வீட்டுக்காரருக்கும் தரும். வீட்டைச் சரிசெய்ய 5 லட்சம் டாலர் வரை, பொருட்களுக்கு 1 லட்சம் வரை. குறைந்த வட்டி, ஆனால் கடன்தான்.

விசாவில் இருப்பவர்கள்

ஹூஸ்டன், டாலஸ், சார்லட், எடிசன் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பழகியவை. ஃபெமாவின் பண உதவி குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி அந்தஸ்து பெற்றவர்கள் போன்ற சில பிரிவினருக்கே. எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர் தன் பெயரில் பெற முடியாது. ஆனால் வீட்டில் அமெரிக்காவில் பிறந்த, சமூகப் பாதுகாப்பு எண் உள்ள குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் சார்பில் குடும்பம் விண்ணப்பிக்கலாம். ஃபெமா உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கிறது என்பதால், குடியேற்ற நிலையில் ஏதேனும் சிக்கல் உள்ளவர்கள் முதலில் வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது. பேரிடர்ச் சட்ட உதவி இலவசமாகவே கிடைக்கும். தங்குமிடம், உணவு, குடிநீர், மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கு விசா நிலை தடையில்லை.

பணப்பெட்டியும் அதைப் பற்றிய சண்டையும்

அறிவிப்பது அதிபர் என்றாலும் பணம் ஒதுக்குவது காங்கிரஸ். பேரிடர் நிவாரண நிதி என்ற ஒரே கணக்கிலிருந்துதான் எல்லா மாநிலத்துக்கும் போகிறது. அது வற்றும்போது ஃபெமா ‘உடனடித் தேவைக்கு மட்டும்’ என்று நிறுத்தி, பழைய பேரிடர்களின் பாலம், பள்ளி வேலைகளை ஒதுக்கி வைக்கும். 2023, 2024 இரண்டு ஆண்டும் ஆகஸ்டில் அப்படி நடந்தது. பெரிய புயலுக்குத் தனி மசோதா வேண்டும். 2012 அக்டோபர் 29 அன்று நியூ ஜெர்சியைத் தாக்கிய சாண்டி புயலுக்கான 5,050 கோடி டாலர் மசோதா அடுத்த ஜனவரி கடைசியில்தான் சட்டமானது. நியூ ஜெர்சியின் குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தன் கட்சித் தலைவர்களையே வெளிப்படையாகத் திட்டினார்.

டிரம்ப் இரண்டாம் முறை பதவியேற்ற சில நாளில், 2025 ஜனவரி 24 அன்று, ஃபெமாவை ஆராய ஒரு குழு அமைக்கும் ஆணை பிறப்பித்தார்; அந்த அமைப்பையே ஒழிக்கலாம் என்றும் பேசினார். அதை ஒழிப்பது நாட்டுக்கு நல்லதென்று தான் நினைக்கவில்லை என்று மே மாதம் காங்கிரஸில் சாட்சி சொன்ன ஃபெமாவின் பொறுப்புத் தலைவர் கேமரன் ஹாமில்டன் மறுநாளே நீக்கப்பட்டார். அப்போது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்த கிறிஸ்டி நோம், 1 லட்சம் டாலருக்கு மேற்பட்ட செலவுகளுக்குத் தன் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தார். டெக்சஸ் வெள்ளத்தில் இது தாமதத்தை உண்டாக்கியது என்று பத்திரிகைகள் எழுதின, துறை மறுத்தது. பேரிடர் நேரத்தில் 1 லட்சம் டாலர் சில மணி நேரச் செலவு என்பது மட்டும் கணக்குப் போட்டாலே தெரியும். இன்னொரு பக்கம், 2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் சாம் கிரேவ்ஸும் ஜனநாயகக் கட்சியின் ரிக் லார்சனும் சேர்ந்து, ஃபெமாவைத் தனி அமைச்சக நிலைக்கு உயர்த்தும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். செலவழித்துவிட்டு வா என்ற முறையை மாற்றுவதும் அதில் ஒரு பகுதி. இந்த விவாதத்தில் உருப்படியான பேச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அறிவிப்பே இல்லாவிட்டால்

அமெரிக்காவில் வரும் பல வெள்ளங்கள் அறிவிப்பு வரை போவதே இல்லை. அப்போது கையில் நிற்பது வெள்ளக் காப்பீடு ஒன்றுதான். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் வராது. கூரையைக் காற்று பெயர்த்து மழை உள்ளே வந்தால் வரும், தரை வழியாகத் தண்ணீர் வந்தால் வராது. 1968-ல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2.5 லட்சம் டாலர், பொருட்களுக்கு 1 லட்சம் டாலர் வரை எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. விசா நிலை இதற்குத் தடையில்லை. தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அடித்தள அறையில் வைத்திருக்கும் சோபா, டிவிக்கு ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது.

வெள்ள வரைபடத்தில் அபாய மண்டலத்தில் இல்லை என்பதால் பலர் எடுக்காமல் விடுகிறார்கள். ஹெலீன் அடித்த, வட கரோலினாவின் ஆஷ்வில் நகரச் சுற்றுப் பகுதிகளில் இந்தக் காப்பீடு வைத்திருந்த குடும்பங்கள் மிகமிகக் குறைவு. மலைமேல் வெள்ளமா என்று இருந்துவிட்டார்கள். அபாய மண்டலத்தில் இருந்துகொண்டு ஃபெமா பணம் ஒருமுறை வாங்கியவர் அதற்குப் பின் இந்தக் காப்பீட்டைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டால் அடுத்த வெள்ளத்துக்கு உதவி கிடையாது.

பாலிசி எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்தபின் எடுத்தால் அந்தப் புயலுக்கு உதவாது. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. ஆகவே ஏப்ரல் முடிவதற்குள் முகவரைக் கூப்பிட்டுவிட வேண்டும்.